எங்களைவிட ஏழை தேவை

மார்ச் மாதக் கடைசியில் அரசாங்கம் எனக்கொரு கடிதம் போடும். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து உங்கள் ஓய்வூதியம் கூடுகிறது, புதுத் தொகை இவ்வளவு என்று அதில் இருக்கும். விலைவாசி எவ்வளவு ஏறியது, வேலைக்குப் போகிறவர்கள் சம்பளம் எவ்வளவு ஏறியது என்று பார்த்து வருஷத்துக்கு ஒருமுறை ஏற்றிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அதில் கை வைக்கப் பயப்படும். அறுபத்தைந்து தாண்டிய கிழடுகள் ஓட்டுப் போட மறப்பதில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்த வருஷம் நல்ல ஏற்றம். தனியாக வசிப்பவர்களுக்கு வாரம் நானூற்றுத் தொண்ணூற்றாறு டாலராக இருந்தது ஐந்நூற்றுப் பத்தொன்பது ஆனது. கடிதத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்துவிட்டு அந்த வாரம் வெண்ணெய் வாங்கினேன். இந்த நாட்டில் மனிதர்களைவிட மாடுகள் அதிகம். ஆனாலும் வெண்ணெய் வாங்க மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பத்து நாள் கழித்து இன்னொரு கடிதம் வந்தது. அது மக்அலிண்டன் அறக்கட்டளையிடமிருந்து. நான் குடியிருப்பது அவர்கள் வீட்டில்தான். எங்கள் ஊரான ராட்டா க்ரீக்கில் ஏழு சின்ன வீடுகள் ஒரே வரிசையாக இருக்கும். நாலாம் எண் என்னுடையது. நிலக்கரிச் சுரங்கம் நடந்த காலத்தில் அதன் முதலாளியுடைய விதவை எழுதிவைத்த பணத்தில் கட்டியது. அறுபத்தைந்து தாண்டிய, துணையில்லாத, வசதியில்லாத சுரங்கத்து ஜனங்களுக்கு என்று சாசனம். வாடகை குறைவு, கூரை ஒழுகாது. வருஷம் முழுக்க மழை கொட்டுகிற மேற்குக் கரையில் ஒரு வீட்டிடம் அதற்குமேல் நான் எதையும் கேட்டதில்லை.

கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தவர் அலிஸ்டர் பென்ஃபோல்ட், அறக்கட்டளையின் புதுச் செயலாளர். கிறைஸ்ட்சர்ச்சில் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊருக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, அதாவது நேற்று வந்தவர். குடியிருப்பவரின் கைக்கு வரும் வார வருமானம் ஐந்நூறு டாலரைத் தாண்டக் கூடாது என்பது விதி, தாங்கள் தாண்டிவிட்டீர்கள், தொண்ணூறு நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார். கீழே, தங்கள் நிலைமை மேம்பட்டதற்கு வாழ்த்துகள் என்று ஒரு வரி.

வாழ்த்துகளாம்! எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

கதவை யாரோ தட்டினார்கள். மூணாம் எண் மெர்ல். அவள் கையிலும் அதே காகிதம். மெர்ல் மழைத்துளியிடம்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டு நனைகிற ஜாதி.

"நோலீன், என்னை வெளியே போகச் சொல்றாங்கடி. நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

"பண்ணிட்டே. பணக்காரி ஆயிட்டே. உள்ள வா, அடுப்புல தண்ணி கொதிக்குது."

அரை மணி நேரத்தில் அஞ்சாம் எண் லாக்கியும் வந்துவிட்டான். முப்பது வருஷம் பூமிக்கடியில் கரி வெட்டிய நுரையீரல் அவனுடையது. மூக்கில் குழாயும், கையில் சக்கரம் வைத்த பிராணவாயு உருளையுமாகத்தான் நடமாட்டம். அவனுக்கும் அதே கடிதம். ஏழு பேருக்கும் அதே கடிதம்தான். வராமல் எப்படி இருக்கும்? ஏழு பேரும் தனிக்கட்டை, ஏழு பேருக்கும் அதே ஓய்வூதியம். ஒரே விடியலில் ஏழு பேரும் கோடீஸ்வரர்கள் ஆகியிருந்தோம்.

"இருபத்துமூணு டாலர் ஏறிப்போச்சு, வீடு இறங்கிப்போச்சு," என்றான் லாக்கி. சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். நாங்கள் ஏறவேயில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்து சறுக்கியிருந்தோம்.

வேறு வீடு பார்க்கலாமே என்று கேட்பீர்கள். எங்கே பார்ப்பது? சுரங்கம் மூடியபோது ஊர் செத்துவிடும் என்றார்கள். சாகவில்லை. மலையோரமாக சைக்கிள் பாதை போட்டார்கள். இப்போது ஊரில் காலியாக இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் பளபளக்கிற கால்சட்டை போட்ட ஆட்கள் இரண்டு ராத்திரி தங்க, நான் ஒரு வாரம் சாப்பிடுகிற காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். என் மகன் பெர்த்தில் இருக்கிறான். "அம்மா, இங்க வந்துடு, கொல்லையில சக்கரம் வச்ச வண்டிவீடு சும்மாதான் நிக்குது" என்கிறான். நல்ல பையன்தான். ஆனால் பிறந்த வீட்டில் அப்பா பெயர் கதவில் இருந்தது. சுரங்கக் குடியிருப்பில் என் புருஷன் டெஸ் பெயர் இருந்தது. அறுபத்தாறு வயதில்தான் என் பெயர் மட்டும் எழுதிய ஒரு கதவு கிடைத்தது. அதை உள்ளிருந்து நான் பூட்டுவேன், நான் திறப்பேன். அந்தக் கதவை விட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை. அவ்வளவுதான் விஷயம்.

முதலில் சுலபமான வழியைப் பார்த்தேன். ஏற்றிய இருபத்துமூன்று டாலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது இல்லையா? மறுநாள் காலை அரசாங்கத்து எண்ணுக்கு ஃபோன் போட்டேன். நாற்பது நிமிஷம் சங்கீதம் கேட்டபிறகு ஒரு சின்னப் பெண் வந்தாள். மெர்லும் லாக்கியும் என் இரண்டு பக்கமும் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"கண்ணு, எனக்கு ஓய்வூதியத்தை ஏத்தியிருக்கீங்க. அது எனக்கு வேணாம்," என்றேன்.

"என்னம்மா வேணாம்?"

"ஏத்தினது. பழைய தொகையே போதும்."

அவள் குரலைத் தாழ்த்தினாள். பிறகு, "அம்மா, யாராவது பக்கத்துல நின்னு உங்கள மிரட்டுறாங்களா?" என்று கேட்டாள்.

"பக்கத்துல ரெண்டு கிழடுங்க இருக்கு. மிரட்டுற தெம்பு ரெண்டுக்கும் இல்ல. ஏன் வேணாம்ங்கிறதும் சொல்றேன், கேளு." சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"ஐயோ, என்னம்மா இது அநியாயம்! ஆனா ஏத்தினத வேணாம்னு சொல்ல எங்ககிட்ட வழியே இல்லம்மா. சட்டத்துல அந்த ரேட்டுதான். அந்தத் தேதியில அது தானா மாறிடும். நானே நெனைச்சாலும் குறைக்க முடியாது."

"அப்ப பிரதமர்கிட்டதான் கேக்கணுமா?"

"அவரு நெனைச்சாலும் உங்க ஒருத்தருக்கு மட்டும் குறைக்க முடியாதும்மா. வேணும்னா மொத்த ஓய்வூதியத்தையும் நிறுத்தச் சொல்லி எழுதிக் குடுக்கலாம்."

"நல்லா இருக்குடி உங்க சட்டம்! பிச்சை வேணாம், நாயைப் பிடின்னு கேட்டா, நாயைப் பிடிக்க ஆளில்ல, பிச்சையை வாங்கித்தான் ஆகணும்ங்கிற!"

அவள் சிரித்துவிட்டாள். பிறகு மன்னிப்புக் கேட்டாள். நல்ல பெண். அவள் சொன்ன ஒரு விஷயம் மட்டும் என் மண்டைக்குள் தங்கிவிட்டது: யார் நினைத்தாலும் குறைக்க முடியாது.

அந்த வெள்ளிக்கிழமை பென்ஃபோல்டே என் வீட்டுக்கு வந்தார். மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். எங்கள் ஊரில் குடை பிடிக்கிறவர்கள் கிடையாது. காற்று இரண்டே நிமிஷத்தில் அதைத் துடைப்பக்கட்டை ஆக்கிவிடும். ஆகியிருந்தது. உள்ளே கூப்பிட்டேன். எதிரியானாலும் நனைந்த மனுஷனுக்குத் தேநீர் கொடுக்காமல் இருக்க எங்கள் வீடுகளில் கற்றுத்தரவில்லை. பொடிமீனை முட்டையில் கலந்து ஊற்றிய அடை இரண்டு மீதி இருந்தது, அதையும் வைத்தேன்.

"மிசஸ் கோக்லன், இதை நான் சந்தோஷமாச் செய்யல," என்று ஆரம்பித்தார். "விதி அப்படி இருக்கு. கண்டும் காணாம விட்டா, கணக்கு பார்க்க வர்றவன் கேப்பான். அறக்கட்டளைக்கு வரிச்சலுகை போயிடும். அப்புறம் வீடே இருக்காது."

"போன செயலாளருக்கு இதெல்லாம் தெரியலையா?"

"போன வருஷம் வரைக்கும் நீங்க ஐந்நூறத் தாண்டலையே."

அது சரிதான். அவர் அடையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிச் சாப்பிட்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஒரு வழி இருக்கு. சாசனத்துல காவலாளின்னு ஒரு இடம் இருக்கு. அந்த வீட்டுக்கு வருமான வரம்பு கிடையாது. தோட்டத்தைப் பார்த்துக்கிட்டு, குப்பைத்தொட்டிய வெளிய வச்சா போதும். உங்க பேரை நான் சிபாரிசு பண்றேன். நீங்க இங்கேயே இருக்கலாம்."

"மத்த ஆறு பேரு?"

"காவலாளி ஒருத்தர்தான் இருக்க முடியும்."

பொய் சொல்ல மாட்டேன். ஒரு நொடி ஆசை வந்தது. ஒரு நொடி இல்லை, அந்தத் தேநீர் ஆறுகிற வரைக்கும் வந்தது. என் கதவு, என் பூட்டு, எல்லாம் அப்படியே இருக்கும். குப்பைத்தொட்டியை வெளியே வைப்பது ஒரு வேலையா? பிறகு, காலி வீடுகளுக்கு நடுவே காவல் காத்துக்கொண்டு நிற்கிற என்னை நானே பார்த்தேன். மெர்ல் தன் மூட்டைமுடிச்சை வண்டியில் ஏற்றும்போது, ஏறுவதற்கு முன்னால் என்னிடமும் மன்னிப்புக் கேட்பாள்.

"மிஸ்டர் பென்ஃபோல்ட், உங்களுக்கும் ஓய்வூதியம் ஏறிச்சா?"

"ஏறிச்சு. எல்லாருக்கும்தான்."

"வாழ்த்துகள்," என்றேன். "தேநீரைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க. காவலாளி வேலைக்கு வேற நாயைப் பாருங்க."

அவர் போனபிறகுதான் அந்த யோசனை வந்தது. கோபம் வந்தால் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும். டெஸ் அதைப் பார்த்தே பயப்படுவான். ஓர் அட்டையை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதினேன்:

எங்களைவிட ஏழை தேவை. மக்அலிண்டன் வீடுகள் ஏழு காலியாகின்றன. வயது அறுபத்தைந்துக்கு மேல். தனிக்கட்டை. கைக்கு வரும் வார வருமானம் ஐந்நூறு டாலருக்குள். தகுதியுள்ளவர் நாலாம் எண் கதவைத் தட்டவும். அன்றைக்கே மூட்டை கட்டுகிறோம்.

அதைக் கொண்டுபோய் மளிகைக்கடை அறிவிப்புப் பலகையில், தொலைந்த பூனைக்கும் விற்பனைக்கான விறகுக்கும் நடுவே குத்திவைத்தேன்.

ஊர் சிரித்தது. மதுக்கடையில் அதைப்பற்றியே பேச்சு. முதல் ஆளாக ஹான்ராஹன் வந்தான். எழுபத்தெட்டு வயது, ஆற்றங்கரையில் பழைய பேருந்துக்குள் குடித்தனம்.

"நோலீன், நான் ஏழை. இந்த ஊர்லயே என்னைவிட ஏழை எவன் இருக்கான்?"

"ஓய்வூதியம் வாங்குறியா?"

"வாங்குறேன்."

"எவ்வளவு?"

"உனக்கு எவ்வளவோ அவ்வளவுதான். ஆனா வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து பாரு, எதுவும் இருக்காது."

"குடிச்சத விதியில கழிக்க முடியாதுடா. நீயும் பணக்காரன்தான், போ."

"அட, என்கிட்ட யாரும் சொல்லவேயில்லையே!" என்று தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

அதற்கப்புறம் பதினோரு பேர் வந்தார்கள். பாதிப் பேர் வேடிக்கைக்கு, பாதிப் பேர் நிஜமாகவே வீடு தேடி. இரண்டு பேர் காரில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். ஒருத்தி அழுதாள், எனக்கு அட்டையை எழுதியது வெட்கமாகப் போயிற்று. ஆனால் அத்தனை பேரும் ஐந்நூற்றுப் பத்தொன்பது. ஒரே ஓர் ஆள்கூடத் தேறவில்லை. மெர்ல் ஒவ்வொருவர் பெயரையும் அழகான கையெழுத்தில் எழுதி வைத்தாள். மூன்றாவது வாரம் அவளே கேட்டாள்: "ஏண்டி நோலீன், அப்ப யாருக்குத்தான் இந்த வீடு?"

அந்தக் கேள்வியைத்தான் நான் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன்.

அறக்கட்டளையின் வருடாந்தரக் கூட்டம் ஜூன் மாதம், பழைய சுரங்கத் தொழிலாளர் சங்கக் கட்டிடத்தில், பகல் இரண்டு மணிக்கு. தலைவி கொலீன் ரூனி. அவள் அப்பா அந்தக் கட்டிடத்தில் பதினெட்டு மாத வேலைநிறுத்தத்தை நடத்தியவர். அவளைத் தவிர பென்ஃபோல்ட், மருந்துக்கடைக்காரி, இரண்டு பால்பண்ணைக்காரர்கள், ஆக ஐந்து பேர். விதியை மாற்ற நாலு கை வேண்டும். குடியிருப்பவர்கள் உட்கார்ந்து கேட்கலாம். தலைவி அனுமதித்தால் பேசலாம். தீர்மானம் கொண்டுவர முடியாது, கையும் தூக்க முடியாது.

நாங்கள் ஏழு பேரும் முன்வரிசையில் உட்கார்ந்தோம். பின்னால் ஊரில் பாதி. கொலீன் பேச அனுமதித்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன்," என்றேன். "அறுபத்தஞ்சு தாண்டின, தனியா இருக்கிற, வாரம் ஐந்நூறுக்குள்ள வாங்குற ஒரு ஆளைக் காட்டுங்க. ரெண்டு மாசமாத் தேடுறேன். பன்னெண்டு பேரு வந்தாங்க. மெர்ல் பட்டியல் வச்சிருக்கா. ஒருத்தரும் தேறல. ஏன் தேறல? அதுக்குக் கீழ யாரும் போகக் கூடாதுன்னு சட்டமே தாங்கிப் பிடிச்சிருக்கு. வருஷா வருஷம் மேல வேற தூக்குது. மிஸ்டர் பென்ஃபோல்ட், உங்க விதி கேக்குற அளவுக்கு ஏழையா இருக்க எங்களுக்கு அனுமதியே இல்ல!"

பின்வரிசையில் கைதட்டினார்கள். பண்ணைக்காரர்களில் மூத்தவர் மக்கே, கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

பென்ஃபோல்ட் கோபப்படவில்லை. அவர் முன்னால் தடித்த பழைய பதிவேடு ஒன்று இருந்தது. அதை நிதானமாகத் திறந்தார்.

"இது என் விதி இல்ல, மிசஸ் கோக்லன். ரெண்டாயிரத்து ஒம்பதுல, சங்கத்துக் குடும்பங்களுக்கும் ஓட்டு இருந்தப்ப, இந்தக் கட்டிடத்துலதான் போட்டாங்க. அதுக்கு முன்னாடி 'வசதியற்றோர்'னு மட்டும்தான் இருந்தது. யாரு வசதியற்றவங்கன்னு குழு முடிவு பண்ணும். அதுக்குப் பதிலா ஐந்நூறு டாலர்னு ஒரு எண் போடணும்னு தீர்மானம் வந்திருக்கு. முன்மொழிஞ்சது, டி. கோக்லன்." நிறுத்தினார். "வழிமொழிஞ்சது, என். கோக்லன்."

முன்வரிசையில் மற்ற ஆறு தலைகளும் என் பக்கம் திரும்பின.

மறந்தே போயிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன். டெஸ்ஸோடு சேர்ந்து அந்தக் கட்டிடத்தில் நான் கை தூக்கிய கூட்டங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஆனால் பெயரைக் கேட்டதும் ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் வீடு வேண்டும் என்றால் குழுவின் முன்னால் போய் நின்று, நான் எவ்வளவு கஷ்டப்படுகிறேன் பாருங்கள் என்று காட்ட வேண்டும். ஒரு விதவையை, நகங்களுக்குச் சாயம் பூசியிருக்கிறாய், உனக்கென்ன கஷ்டம் என்று கேட்டார்கள். டெஸ் அன்றைக்கு வீட்டுக்கு வந்து தட்டைத் தள்ளிவிட்டான். "யார் முன்னாடியும் எவளும் நின்னு அழக் கூடாது நோலீன். ஒரு எண்ணைப் போட்டுட்டா முடிஞ்சது" என்றான். அப்போது ஓய்வூதியம் முந்நூற்றுப் பத்து. ஐந்நூறு என்றதும், அது எந்தக் காலத்தில் வரப்போகிறது என்று மண்டபமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

முகம் பற்றி எரிந்தது. உட்கார்ந்துவிட்டேன். மெர்ல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது கொலீன் ரூனி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"அலிஸ்டர், அந்தப் பேரை இன்னொரு தடவ படிங்க."

"வழிமொழிந்தது, என். கோக்லன்."

"இந்தக் கட்டிடத்துல சங்கம் இருந்த காலத்திலிருந்து ஒரு வழக்கம் இருக்கு. அறக்கட்டளையும் அதை ஏத்துக்கிட்டுத்தான் இங்க கூடுது. ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தவங்க, வழிமொழிஞ்சவங்க, உயிரோட இருக்கிற வரைக்கும் அதைத் திரும்ப எடுத்து மாத்தச் சொல்லிக் கேக்கலாம். அவங்க இப்ப யாரா இருந்தாலும் சரி. கேட்டா அன்னைக்கே வாக்குக்கு விடணும். டெஸ் போயிட்டான். நோலீன் இருக்கா." என் பக்கம் திரும்பினாள். "நோலீன், கேக்குறியா?"

பென்ஃபோல்ட் பதிவேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் வெட்டிய குழியில் அவரே விழுந்தார் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்த மனுஷன் முகத்தில் தெரிந்தது எரிச்சல் இல்லை. ஒரு விதியைத் தெரியாமல் இருந்துவிட்டோமே என்ற வெட்கம்தான் தெரிந்தது. அன்றைக்கு முதல்தடவையாக அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்தது.

"கேக்குறேன்," என்று எழுந்தேன். "நாங்க போட்டது தப்பு. எண்ணைப் போட்டது தப்பில்ல. அந்த எண் அசையாம நிக்கும்னு நெனைச்சதுதான் தப்பு."

மருந்துக்கடைக்காரி உடனே, "அப்ப அறுநூறுன்னு மாத்திடலாம். எல்லாருக்கும் சம்மதமா இருக்கும்," என்றாள். இளைய பண்ணைக்காரர் தலையசைத்தார். மக்கேகூட, "அறுநூறுன்னா நான் தடுக்கல," என்றார். நாலு கை! கண்ணுக்கெதிரே நாலு கை தயாராக இருந்தது.

லாக்கி பக்கத்திலிருந்து என் சட்டையை இழுத்தான். "அறுநூறை வாங்கிக்கிட்டு உக்காருடி. என் ஆயுசுக்கு அது போதும்."

அவன் ஆயுசுக்குப் போதும்தான். என் ஆயுசுக்கும் அனேகமாகப் போதும். ஆனால் அறுநூறு என்றதும் மண்டபத்தில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஐந்நூறுக்குச் சிரித்தார்களே, அதே மாதிரி.

"வேணாம்," என்றேன்.

"என்னது?" என்றாள் மருந்துக்கடைக்காரி.

"அறுநூறு வேணாம். இன்னும் சில வருஷத்துல ஓய்வூதியம் அதையும் தாண்டும். அன்னைக்கு நாலாம் நம்பர்ல யாரு இருப்பாளோ தெரியாது, அவளுக்கு ஒரு வாழ்த்துக் கடுதாசி வரும். அவ வந்து உங்க முன்னாடி நிக்கணும், நீங்க மனசு வச்சு எழுநூறு ஆக்கணும். மனசு வைக்கலன்னா? ஓய்வூதியம் எப்ப ஏறுதோ அப்ப இதுவும் தானா ஏறணும். எவனும் கூடி யோசிக்கக் கூடாது. எவளும் கேக்கக் கூடாது."

"அப்ப அறக்கட்டளைக்கு அதுமேல அதிகாரமே இருக்காதே," என்றார் மக்கே.

"அதைத்தான் சொல்றேன்."

மக்கே மறுபடி கையைக் கட்டிக்கொண்டார். "அதுக்கு நான் கை தூக்க மாட்டேன். அறுநூறு, இல்லன்னா ஒண்ணுமில்ல."

"நோலீன்," என்றாள் கொலீன் மெதுவாக, "தெரிஞ்சுதான் பேசுறியா? அறுநூறுன்னா இன்னைக்கே முடிஞ்சது. இது தோத்தா, ஜூலையில ஏழு பேரும் வெளிய."

நான் திரும்பி மற்ற ஆறு பேரையும் பார்த்தேன். அவர்கள் வீட்டை வைத்துச் சூதாட எனக்கு என்ன உரிமை? லாக்கி கண்ணை மூடிக்கொண்டிருந்தான். மெர்ல் எழுந்தாள். என் வாழ்க்கையில் மெர்ல் ஒரு கூட்டத்தில் எழுந்து நான் பார்த்ததில்லை.

"மன்னிச்சுக்குங்க," என்று ஆரம்பித்தாள், வழக்கம்போல. பிறகு, "இல்ல, மன்னிக்க வேணாம். நோலீன் சொல்றதுதான் எங்களுக்கும்," என்றாள். சொல்லிவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தாள். லாக்கி கண்ணைத் திறக்காமலே கட்டைவிரலை உயர்த்தினான்.

"எழுத்துல கொடுங்க," என்றார் பென்ஃபோல்ட்.

ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்: வரம்பு ஓய்வூதியத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். அவர் அதைப் படித்தார். பேனாவைத் திறந்தார்.

"இது தப்பு," என்றார்.

"எது தப்பு?"

"சமம்னு போட்டா, வங்கி வட்டி ரெண்டு டாலர் வந்தவங்ககூட வெளிய போகணும். வரி பிடிக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? தனியா இருக்கிறவங்க ரேட்டா, சேர்ந்து இருக்கிறவங்க ரேட்டா? எந்தத் தேதியிலிருந்து? இப்படி எழுதினா ரெண்டு வருஷத்துல என்னை மாதிரி ஒருத்தன் வந்து உங்கள வெளிய அனுப்பிடுவான்."

மண்டபம் காத்திருந்தது. அவர் எழுதினார். ஒரு வார்த்தையை அடித்தார், மேலே வேறு எழுதினார். கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து நின்று படித்தார்: "தனியாக வசிப்பவருக்கு வரி போக அரசு வழங்கும் ஓய்வூதியத் தொகை, அதோடு அதன் ஐந்தில் ஒரு பங்கு. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் தேதி அத்தொகை மாறும்போது இவ்வரம்பும் அன்றே, குழுவின் முடிவு எதுவும் தேவைப்படாமல் மாறும்." என்னைப் பார்த்தார். "இதுதானே நீங்க சொல்ல வந்தது?"

"இதேதான்."

கொலீன் வாக்குக்கு விட்டாள். அவள் கை உயர்ந்தது. மருந்துக்கடைக்காரி கை. கொஞ்சம் யோசித்து இளைய பண்ணைக்காரர் கை. மக்கே அசையவில்லை. மூன்று.

பென்ஃபோல்ட் காகிதத்தை இன்னொருமுறை மேலிருந்து கீழாகப் படித்தார். எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"சரியா எழுதியிருக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையைத் தூக்கினார்.

பின்னால் கூச்சல், கைதட்டல், ஹான்ராஹனின் சீழ்க்கை. லாக்கி இருமியபடி அழுதான், அல்லது அழுதபடி இருமினான். மெர்ல் ஓடிப்போய் பென்ஃபோல்டின் கையைப் பிடித்து, நன்றி, ரொம்ப நன்றி என்று குலுக்கிக்கொண்டே இருந்தாள். அவர் கூச்சத்தில் சிவந்துபோய், அவள் தலைக்கு மேலே என்னைப் பார்த்தார். நானும் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

நான் மழைச்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன். அவர் நல்லவர்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நன்றி சொல்லவில்லை. இனிமேல் அந்த வீட்டுக்காக எவளும் எவனுக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. நான் கேட்டதே அதைத்தான்.